சலோமாவுக்குக் காது கேட்கும்

ஏனோஸ் ட்ராயர் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தபோது அவர் மனைவி சலோமாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒஹாயோவில் எங்கள் ஹோம்ஸ் கவுன்ட்டியில் கார், மின்சாரம் இல்லாமல் வாழ்கிற எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவர்களில் தச்சு வேலை தெரிந்த ஆண்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய கொட்டகைக்கு மரச்சட்டம் தூக்க வேண்டுமென்றால் ஏனோஸைத்தான் கூப்பிடுவார்கள். உத்தரத்தின் மேல் ரோட்டில் நடப்பதுபோல நடப்பார். நடந்துகொண்டே கீழே நிற்கிறவர்களைக் கிண்டல் செய்வார். அன்றைக்கும் ஏதோ கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தார் என்கிறார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

நான் சலோமாவுக்கு எதிர்வீடு. சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இதை நான் சொல்வது சரியா என்று சிலர் கேட்பார்கள். சபை ஒரு தப்பை மன்னித்துவிட்டால் அதைப் பிறகு பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சலோமாவிடமே கேட்டேன். "சொல்லு. ஆனா என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே" என்றாள்.

ஏனோஸ் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தார். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. ஒரு பெண்ணால் தூக்கக்கூடிய உடம்பு அல்ல அது. சபை ஆண்கள் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். வருஷம் போகப் போக முறைகள் தளர்ந்தன. ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, இன்னொருவர் இண்டியானாவுக்குக் குடிபோனார். விட்டுப்போன முறைகளையெல்லாம் மென்னோ ரேபர் எடுத்துக்கொண்டார்.

மென்னோ குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். தோள் பெருத்த மனிதர், பேச்சு குறைவு. அவர் மனைவி எட்னாவைப் புற்றுநோய் கொண்டுபோனது ஏனோஸ் விழுவதற்கு முன்னாலேயே. மகன்கள் தனித்தனியே குடித்தனம். காலையில் வந்து ஏனோஸைத் தூக்கி உட்காரவைத்து, தாடியைச் சீவி, எங்கள் வழக்கப்படி மேலுதட்டைச் சவரம் செய்துவிடுவார். நேரம் இருந்தால் செக்கர்ஸ் ஆடுவார்கள். ஏனோஸ் வாயால் சொல்ல, இரண்டு பேர் காய்களையும் மென்னோவே நகர்த்துவார். பெரும்பாலும் ஏனோஸ்தான் ஜெயிப்பார்.

"மென்னோ, குதிரைக் காலைப் பிடிக்கிற மாதிரியே என் காலையும் பிடிக்கிறியே. மறந்துபோய் லாடம் அடிச்சிடாதப்பா" என்று ஏனோஸ் சொல்லாத நாள் கிடையாது.

சலோமா குறை சொல்லி நான் கேட்டதில்லை. தேய்த்துக் கழுவி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, ஏனோஸின் முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே மகள், லாவினா. ஐந்து மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாரம் இரண்டு முறை வந்து துணி துவைத்துக் கொடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது.

ஒழுங்காக இல்லாத ஒன்று சலோமாவுக்கு மட்டும் தெரியும். வண்டிச் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே வருவது மென்னோவா வேறு யாரோ என்று சொல்லிவிடுவாள். மென்னோ வரும் நாளில் துவைத்த ஏப்ரனைக் கட்டிக்கொள்வாள். ஒருநாள் அதைத் தானே கவனித்து, அவிழ்த்துவிட்டுப் பழையதைக் கட்டிக்கொண்டாளாம். மறுநாள் மறுபடியும் துவைத்தது. இருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, விரல் பட்டதில்லை. "பேசலைன்னா என்ன, மனசு போயிடுச்சே. அவர் கண்ணு முன்னாடியே போயிடுச்சே" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஏனோஸ் இருந்த கடைசி வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நடந்தது இது. மென்னோ வந்து ஏனோஸைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார். சலோமா ஏனோஸுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டினாள். கடைசிக் கரண்டியை வாயில் வைக்கும்போதுதான் மென்னோவுக்கென்று எடுத்துவைத்த தட்டு ஞாபகம் வந்தது. கடலை வெண்ணெய் உருண்டைகளைச் சாக்லேட்டில் முக்கி வீட்டுக்கு வீடு கொடுப்பது எங்கள் கிறிஸ்துமஸ் வழக்கம். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மென்னோ குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நின்றாள். மென்னோ ஒரு கதை சொன்னார். எங்கள் பிஷப் ரோமன் வீட்டுக் கோவேறு கழுதை அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியின் விளிம்பைத் தின்றுவிட்டதாம். மீதித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முகம் மாறாமல் ஊருக்குள் போய்வந்தாராம். அதிகம் பேசாத மென்னோ சொல்லும்போது அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. சலோமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே வந்தபோது ஏனோஸின் முகம் நீலம் பாரித்திருந்தது. கஞ்சி மூச்சுக்குழாயில் போயிருந்தது. அவரால் இரும முடியாது, அதற்கு வேண்டிய தசைகள் வேலை செய்யாது. சலோமா அவரை முன்னால் சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டு எடுத்து, முதுகில் தட்டி மூச்சை வரவழைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். பக்கத்துக் கடையிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். மென்னோவின் வண்டி அதற்குள் மேட்டைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

நுரையீரலில் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பத்து நாள் இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மத்தியானம் ஏனோஸ் கண் விழித்தார். கட்டிலின் ஒரு பக்கம் சலோமா, மறுபக்கம் லாவினா.

"எங்க போயிருந்த?" என்றார் ஏனோஸ்.

"அடுப்படியிலதான் இருந்தேன்" என்றாள் சலோமா. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"கூப்பிட்டேனே."

"கேக்கலைங்க."

ஏனோஸ் அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய அந்தக் கோணல் சிரிப்பு வந்தது. "லாவினா, உங்கம்மாவுக்குக் காது போயிடுச்சு போல. பார்த்துக்கோ" என்றார். அவர் அதற்குப் பிறகு தெளிவாகப் பேசியது எதுவும் இல்லை. ஜனவரி ஆறாம் தேதி நாங்கள் கொண்டாடும் பழைய கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறந்துபோனார்.

அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நாற்காலி மேசையைப் பார்த்து இருந்ததா, ஜன்னலைப் பார்த்து இருந்ததா என்று சலோமா எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. ஜன்னலைப் பார்த்து இருந்திருந்தால் வண்டி நின்ற இடம் தெரிந்திருக்கும். இருவரும் நின்று சிரித்தது தெரிந்திருக்கும்.

லாவினா அப்பா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம், அம்மாவுக்குக் காது மந்தம், பக்கத்து அறையில் அப்பா கூப்பிட்டதே கேட்கவில்லை, பாவம் என்றாள். வந்தவர்கள் சலோமாவின் காதருகே குனிந்து உரக்க ஆறுதல் சொன்னார்கள். இல்லை, எனக்கு நன்றாகக் கேட்கும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்படியானால் ஏனோஸ் கூப்பிட்டது ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள்.

வசந்த காலத்தில் லாவினாவும் அவள் புருஷன் வெர்லினும் பிள்ளைகளோடு சலோமாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சலோமா, வயதானவர்களுக்கென்று பக்கத்தில் ஒட்டிக் கட்டியிருந்த சின்ன வீட்டுக்குப் போனாள். பேரப்பிள்ளைகள் "பாட்டி" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நானும்தான் கத்தினேன். காது டாக்டரிடம் கூட்டிப்போயே ஆக வேண்டும் என்று லாவினா பிடிவாதம் பிடித்தாள். கார் ஓட்டிப் போக ஓர் இங்கிலீஷ்காரரை, அதாவது ஆமிஷ் அல்லாத ஒருவரை, ஏற்பாடு செய்து டவுனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களாம்.

"எல்லாம் கேட்டுச்சுடி. கொசு ரீங்காரம் மாதிரி இருக்கிற சின்னச் சத்தம்கூடக் கேட்டுச்சு. ஒரு கையால இன்னொரு கையை மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றாள் சலோமா.

காதுக்கு மெஷின் வந்தது. பணத்துக்குச் சபையில் உதவி செய்தார்கள். அதற்குள் இருக்கிற பேட்டரியை எடுத்துத் தையல் டப்பாவில் போட்டுவிட்டு, வெறும் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் நடமாடினாள் அந்தப் பெண்.

செவிடாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு, அவளுக்கு முன்னாலேயே எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்கள். லாவினா ஒருநாள் சமையலறையில் வெர்லினிடம் அலுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை கத்தித் தொலைக்க வேண்டியிருக்கிறது, இன்னும் எத்தனை வருஷமோ என்றாள். சலோமா இரண்டடி தள்ளி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை. இதையும் நான் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளாம்.

மென்னோ பல மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிடும்போதுதான் தூரத்தில் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது, வீடு மாற்றி வீடு ஆராதனை நடக்கும்; ஒருமுறை அது எங்கள் வீட்டில் நடந்தது. சலோமாவும் நானும் காபி ஊற்றிக்கொண்டிருந்தோம். அவள் முதுகுப் பக்கமாக வந்து நின்ற மென்னோ, "இன்னும் கொஞ்சம் இருக்கா, சலோமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. சலோமா திரும்பிப் பார்க்காமலே கெட்டிலைச் சாய்த்து அவர் கோப்பையில் ஊற்றினாள். எனக்கு விசித்திரமாக இருந்தது. மெஷின் நன்றாக வேலை செய்கிறது போலும் என்று விட்டுவிட்டேன்.

சலோமா கெட்டிலை வைத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். மென்னோவுக்குத் தெரியும். அவள் அன்றைக்கு அடுப்படியில் இல்லை, வண்டியருகே நின்றிருந்தாள் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பயமாக இருந்தது. அதோடு, கத்தாத ஒரு மனிதக் குரலைக் கேட்டு அவ்வளவு நாள் ஆகியிருந்ததால் அழுகையும் வந்தது. அடுத்த ஆராதனை எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தாள். அப்படிப் பார்த்ததற்காக இரவில் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டாள். மறுபடியும் பார்த்தாள்.

ஏனோஸ் போய் இரண்டாவது கிறிஸ்துமஸ் வந்தது. அதற்கு முந்தின நாள் பகலில் மென்னோ வந்தார். ரோடெல்லாம் பனி உறைந்திருந்ததால் வெர்லினுடைய குதிரைக்கு வழுக்காத லாடம் போட வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் சின்ன வீட்டுக் கதவைத் தட்டினார். சலோமா காபி கொடுத்தாள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது, சலோமா. என் வீட்டுக்கு வந்துடறீங்களா? கல்யாணம் பண்ணிக்கலாம்னுதான் சொல்றேன்."

"செவிட்டுப் பொம்பளையக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

மென்னோ கோப்பைக்குள்ளேயே பார்த்தார். "இந்த ரெண்டு வருஷத்துல நான் உங்ககிட்ட ஒரு தடவைகூடச் சத்தமாப் பேசினதில்ல. நீங்களும் ஒரு தடவைகூட 'என்ன'ன்னு திருப்பிக் கேட்டதில்ல."

சலோமா நாற்காலியை இழுத்துப் போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீங்க அடுப்படியில இருந்ததா சாவு வீட்டுல நம்ம சபை டீக்கன் சொன்னாரு. இல்ல, எங்கூட நின்னு பேசிக்கிட்டிருந்தாங்கன்னு சொன்னா ஊரு உங்களைத்தான் பேசும்னு சும்மா இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்ளபடி சொன்னா, எனக்கும் பயம்தான்."

"நாம சிரிச்சோம் மென்னோ. அவர் உள்ள மூச்சு முட்டிக்கிட்டுக் கிடந்தாரு. நாம கோவேறு கழுதையப் பத்திச் சிரிச்சுக்கிட்டு நின்னோம்."

"ஆமா" என்றார் மென்னோ.

அவர் அதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. உங்கள் தப்பில்லை என்று சொல்லவில்லை, எல்லாம் தேவசித்தம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளைத் தாங்கிப் பிடித்தது என்று பிற்பாடு சொன்னாள். ஆனால் அன்றைக்கு மறுத்துவிட்டாள்.

"நான் உங்களைக் கட்டிக்கிட்டா, அந்தச் சிரிப்புக்குப் பரிசு வாங்கின மாதிரி ஆயிடும். என்னால முடியாது."

மென்னோ எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கதவருகே நின்று, "என்னிக்காவது இதை எங்கயாவது சொல்லணும்னு தோணினா, என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. தனியாச் சொல்லாதீங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று லாவினா வீட்டில் வாத்து வறுத்து, பேரீச்சம்பழப் புட்டிங் செய்திருந்தார்கள். எல்லோரும் சலோமாவின் காதில் வாழ்த்துக் கத்தினார்கள். அவள் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போனாள். மறுநாள், ஏனோஸுக்கு மூச்சு முட்டிய அதே நாள், குதிரையைப் பூட்டிக்கொண்டு பிஷப் ரோமன் வீட்டுக்குப் போனாள். ரோமன் பட்டறையில் சேணம் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, வாயருகே கையைக் குவித்து, "என்ன விஷயம் சலோமா?" என்று கத்தினார்.

"கத்தாதீங்க. எனக்கு நல்லாக் காது கேக்கும்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சி, தட்டு, பொய், டவுன் டாக்டர், தையல் டப்பாவில் இருக்கிற பேட்டரி. ஏனோஸ் உயிரோடு இருந்தபோதே மென்னோவின் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்ததையும் சொன்னாள். ரோமன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதைப் பத்திச் சிரிச்சீங்க?"

"உங்க தொப்பியப் பத்தி."

ரோமன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்கினாரா, வருத்தப்பட்டாரா என்று சலோமாவுக்குத் தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி சீட்டுக் குலுக்கிப் பெயர் விழுந்து பிஷப் ஆனவர் அவர், தான் புத்திசாலி என்று அவரே சொல்லிக்கொள்ள மாட்டார். பொய்யைச் சபையில் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் மகளிடம் சொல்ல வேண்டும் என்றார். மனசில் ஓடியதை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அது தனக்கும் தெரியவில்லை, யோசித்துப் பார்க்கிறேன் என்றார். கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பழைய கிறிஸ்துமஸ் அன்று காலையில் நாங்கள் உபவாசம் இருப்போம். வேலையும் கிடையாது, வீடே அமைதியாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அடுப்பு மூட்டுவோம். வெர்லின் பிள்ளைகளோடு தொழுவத்துக்குப் போயிருந்தான். லாவினா நூடுல்ஸுக்குக் கோழியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சலோமா காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அம்மா, மெஷினைப் போட்டுக்கோ" என்று லாவினா கத்தினாள்.

"வேண்டாம்மா. அதுல பேட்டரியே கிடையாது. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

லாவினா நின்றாள். சலோமா நின்றபடியே சொல்லி முடித்தாள். உட்கார்ந்தால் நிறுத்திவிடுவோமோ என்று பயமாக இருந்ததாம். அப்பா கூப்பிட்டபோது நான் அடுப்படியில் இல்லை, வெளியே மென்னோவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், அவர் கேட்டபோது உன் முன்னால் பொய் சொன்னேன் என்றாள்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட?"

"வேணும்னுதான் கையைத் தூக்கல."

லாவினா அகப்பையை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று சலோமா எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"அப்ப நான் இந்தச் சமையக்கட்டுல பேசினதெல்லாம்?"

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

லாவினாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. பிறகுதான் கோபம் வந்தது. அப்பா கடைசியாகக் கேட்ட ஒரே கேள்விக்கு உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டாள். தன்னையும் இரண்டு வருஷமாகக் கத்தவைத்து, கத்தியதற்காக ஒவ்வொரு நாளும் மனசு உறுத்தவைத்தாயே என்றாள். ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டை சலோமாதான் முடித்துப் பரிமாறினாள். பிள்ளைகள் பாட்டியின் காதில் கத்தினார்கள். வெர்லின் மெதுவாக, கத்த வேண்டாம் என்று சொன்னான்.

அடுத்த ஆராதனையின் முடிவில் பிஷப் ரோமன் ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டும் இருக்கச் சொன்னார். பிள்ளைகள் வெளியே போனார்கள். சலோமா உட்கார்ந்தபடி, முகத்தைக் கைகளில் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். தன் புருஷனிடமும் மகளிடமும் சபையிடமும் பொய் சொன்னதாக, காது கேட்கிறவள் செவிடுபோல நடித்ததாக, அதற்காகச் சபையின் உதவியையும் வாங்கிக்கொண்டதாக. வண்டியருகே யாரோடு நின்றாள் என்பதை அவள் சொல்லவில்லை. மென்னோ தன்னையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருந்தாரே, ஆனால் அவளால் முடியவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து மென்னோ எழுந்தார். "என்கூடத்தான் நின்னுட்டிருந்தாங்க. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வருஷம் வாயைத் திறக்கல. எனக்கும் மன்னிப்பு வேணும்" என்றார்.

எங்கள் பெஞ்சில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காபிக் கெட்டில் சாய்ந்தது ஞாபகம் வந்தது. பெண்கள் வரிசையில் லாவினா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருவரையும் சிறிது நேரம் வெளியே அனுப்பினார்கள். மன்னிக்கலாமா என்று ரோமன் ஒவ்வொருவரையும் கேட்டார். லாவினாவின் முறை வந்தபோது அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து ரோமனைப் பார்த்தாள். பிறகு, "மன்னிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மன்னித்தாள், ஆனால் பேசவில்லை. வேண்டியதை மட்டும் பேசுவாள், அதுவும் தாழ்ந்த குரலில். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. சலோமா மென்னோவைப் பார்க்கவும் மறுத்துவிட்டாள். மகள் முகம் என் பக்கம் திரும்பும்வரை எனக்கு எந்த நல்லதும் வேண்டாம் என்றாள் என்னிடம். நான், அவளுக்குக் காலம் கொடு என்றேன். அவளுக்கு நான் பாக்கி வைத்திருக்கிறது காலம் இல்லையே என்றாள்.

குளிர்காலம் முடிந்து, பாகு காய்ச்ச மேப்பிள் மரத்தில் பால் இறக்குகிற சமயம் லாவினா ஒருநாள் சின்ன வீட்டுக்கு வந்தாள். ஒரு கூடை துணியை மடித்துக்கொண்டே பேசினாள். அம்மா இருக்கிறது பாரம் என்று தான் சொன்னதை அம்மா கேட்டுவிட்டாள் என்பதுதான் தனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றாள்.

"நீ பொய் சொன்ன, நான் அதைச் சொன்னேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறேன். எது பெருசுன்னு எனக்குத் தெரியல."

"என்னுதுதான் பெருசு" என்றாள் சலோமா.

"இருக்கலாம்" என்றாள் லாவினா. கூடை காலியானதும், எழுந்து போகும்போது சொன்னாள்: "அப்பா இருந்த வரைக்கும் அவரைத் தூக்கினது மென்னோதான். நீ ஒருத்தியா தூக்கியிருக்க முடியாது. நானும் வந்து தூக்கல. ஞாயித்துக்கிழமை அவரைச் சாப்பிட வரச்சொல்லு. நான் பேசுவேனான்னு தெரியல, ஆனா சமைச்சு வைக்கிறேன்."

மென்னோ வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை யாருமே சரியாகப் பேசவில்லை. இரண்டாம் தடவை வெர்லின் குதிரையின் குளம்பு வெடிப்பைப் பற்றிப் பேச்சை இழுத்தான். கோடைக்குள் பிள்ளைகள் மென்னோவின் பட்டறையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இன்னொரு முறை சலோமாவைக் கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள், தக்காளி பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தபோது, கையெல்லாம் சிவப்பாக இருக்க, "இன்னமும் எனக்கு அது பரிசு மாதிரிதான் இருக்கு. ஆனாலும் வரேன்" என்றாள். மென்னோ ஜாடிகளின் மூடியை இறுக்கிக்கொண்டே, சரி என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கல்யாணம் நடந்தது. வயதானவர்கள் கல்யாணம் என்பதால் சின்னதுதான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் சபையும் மட்டும். சமையல் முழுவதையும் லாவினாவே பார்த்துக்கொண்டாள். ரோமன் பிரசங்கத்தில், வேதக் கதைகளில் கல்யாணமான ரூத்தைப் பற்றியும் தோபியாவைப் பற்றியும் நீட்டிச் சொன்னார். மென்னோவின் மூன்று மகன்களும் பாடும்போது சுவர் அதிர்ந்தது. சலோமா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமா, வேறா என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துத்தான் கேட்டேன். இப்போது நிம்மதியாக இருக்கிறாயா என்று. அவளுக்கு அறுபது வயது அப்போது. மென்னோ கறி வறுப்பார், காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிவைப்பார், சாயங்காலம் இருவரும் செக்கர்ஸ் ஆடுவார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஏனோஸுக்கு இதெல்லாம் கொடுத்துவைக்கவில்லையே என்று உடனே சொன்னாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சந்தோஷப்படுவதாகவும், பத்துத் தடவையும் அதற்குப் பின்னால் ஒரு குத்தல் வருவதாகவும் சொன்னாள். குறையவில்லையா என்றேன். குறையவில்லை, ஆனால் அதை யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை என்றாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மென்னோ வீட்டுக்கு லாவினா குடும்பம் சாப்பிட வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏனோஸுக்கு மூச்சு முட்டிய நாள், சலோமா காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று மென்னோ வாசலிலேயே என்னிடம் சொன்னார். அவர் அவளைப் பேசச் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை, கூடவே இருந்து நூடுல்ஸ் மாவைத் தேய்த்துக் கொடுத்தார். லாவினா உள்ளே வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அம்மாவிடம் போய் நின்றாள்.

"என்னிக்கும் இந்த நாளுக்கு இங்கதான் வருவோம்மா" என்றாள். "இன்னிக்கு அப்பாவைப் பத்திப் பேசலாம். கூரையில நடப்பாரே, அதுலேருந்து ஆரம்பி."

சலோமா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஏனோஸ் கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்க்க வந்தபோது வண்டியைக் குட்டையில் இறக்கிவிட்ட கதையைச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மென்னோவும் சிரித்தார். சலோமா ஒரு கணம் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, கதையைத் தொடர்ந்தாள். அடுப்பில் கோழி கொதித்து வழிந்தது. லாவினா எழுந்து போய் இறக்கிவைத்தாள்.